யாருக்கு வேணும்னாலும் தோணியிருக்கும்

ஆர்டிஸ்: ...அப்போ பெரிய ரோட்டுல பனி வாரிட்டாங்கன்னு சொல்லு.

மாய்ஸி: அங்கெல்லாம் வாரிட்டாங்க. உங்க ஏரியைச் சுத்தி வர்ற ரோடுதான் மோசம். ரெண்டு இடத்துல வண்டி என்னைக் கேக்காமலே திரும்புச்சு. வெர்லின், நான் எதுக்கு வந்தேன்னா...

வெர்லின்: காபி குடிக்கிறியாம்மா?

மாய்ஸி: வேணாம், வழியிலயே குடிச்சேன். நான் வந்தது...

வெர்லின்: ஒரு அரை கப்?

மாய்ஸி: எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்...

ஆர்டிஸ்: போட்டு வச்சாச்சும்மா. குடிக்கலன்னா கொட்டத்தான் போறேன்.

மாய்ஸி: அப்படின்னா சரி. கொஞ்சமா.

வெர்லின்: அம்மா எப்படி இருக்காங்க? முழங்கால் வலின்னு சொன்னியே.

மாய்ஸி: பரவாயில்ல. மாடிப்படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். சொன்ன நாள்லேருந்துதான் அடிக்கடி ஏறறாங்க. வெர்லின், நான் ஒரு விஷயம்...

வெர்லின்: இந்த வருஷம் ஐஸ் நல்லா பிடிச்சிருக்கு தெரியுமா. போன வருஷம் இந்நேரம் ஏரி மேல நடக்கவே பயமா இருந்துச்சு. இன்னிக்குக் காலையில நான் ஓட்டை போட்டு மீன் பிடிக்கற இடத்துக்குப் பக்கத்துல ஒருத்தன் லாரியையே கொண்டாந்து நிறுத்தறான்.

ஆர்டிஸ்: அவளைப் பேச விடேன்.

வெர்லின்: பேசட்டும். நானா வாயைப் பொத்தினேன்? நீ சுட்ட அந்த லெமன் பார் கேக் எங்க? தட்டுல எடுத்து வை.

ஆர்டிஸ்: உன் மூக்குக்கு நேரா இருக்கு. மாய்ஸி, இவன் ஒரு மாதிரி இருக்கான்ல? பயம். உன் வண்டி வாசல்ல நின்ன உடனே மூஞ்சி இப்படி ஆயிடுச்சு.

வெர்லின்: எனக்கென்ன பயம்.

ஆர்டிஸ்: பயமில்லன்னா அவ சொல்றதைக் கேளு.

வெர்லின்: கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவ எதுவும் சொல்ல வேணாம். எனக்கே புரிஞ்சுடுச்சு.

மாய்ஸி: என்ன புரிஞ்சுது?

வெர்லின்: இதோ பாரும்மா. நல்ல சேதின்னா போன்ல சொல்லியிருப்ப. எங்க அண்ணன் போனப்போ பாஸ்டர் நேர்லதான் வந்தார். அப்பவும் இப்படித்தான், ரோடு எப்படி இருக்குன்னு பேசிக்கிட்டிருந்தோம். மினியாபொலிஸ்லேருந்து இந்தப் பனியில ஒரு வக்கீல் கிளம்பி வர்றான்னா... நான் சின்னப் பிள்ளை இல்ல.

மாய்ஸி: நான் சொல்றதை...

வெர்லின்: இரு, நான் சொல்லி முடிச்சுடறேன். நீ நல்லாத்தான் வாதாடின. வாஷிங்டன்ல அந்த மூணு ஜட்ஜும் உன்னை ஒரு வாக்கியம் முழுசா முடிக்க விடல. நீ அசரவே இல்ல. எனக்கு அது போதும். உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அப்பீல்னா ரெண்டுல ஒண்ணுதான். லெமன் பார் எடுத்துக்கோ.

மாய்ஸி: வெர்லின்...

வெர்லின்: உன் மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் சொல்றேன். தோத்தா என்ன? குடியா முழுகிடும்? ஏரி இருக்கு. ஆர்டிஸ் இருக்கா. ஆர்டிஸ் வயித்துல நான் செஞ்சு கொடுத்த அந்த பெல்ட் ஒழுங்கா இருக்கு. அதை யாரும் கழட்டிட்டுப் போயிட முடியாது.

ஆர்டிஸ்: தோத்தா என்னவா?

வெர்லின்: ஆமா, என்ன?

ஆர்டிஸ்: இங்க கீழ்க்கோர்ட் ஜட்ஜ் எழுதினது அப்படியே நின்னுடும். அதுதான் என்ன. ஜூரி இல்ல, சாட்சி இல்ல, ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேக்கல. தாளைப் புரட்டிப் பார்த்துட்டு அவரே முடிவு பண்ணிட்டார். ‘வீட்டுக்கு வீடு தூண்டில் ரீல் வச்சிருக்கற ஊர்ல, அதே மாதிரி குழாயை விட்டுப் பிடிக்கற பெல்ட் யாருக்கு வேணும்னாலும் தோணியிருக்கும், அதனால பேட்டன்ட் செல்லாது.’ எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

வெர்லின்: பெரிய படிப்பு படிச்சவர். யோசிச்சுத்தான் எழுதியிருப்பார்.

ஆர்டிஸ்: யாருக்குத் தோணுச்சு? சொல்லு. கிட்னி போனவங்க ராத்திரி பூரா வயித்துல குழாயோட டயாலிசிஸ் மெஷின்ல மாட்டிக்கிட்டுப் படுத்து, புரண்டா வெடுக்குன்னு இழுத்து, ரத்தம் வந்து, சீழ் பிடிச்சு... எத்தனை பேர் எத்தனை வருஷமா பட்டிருக்காங்க. அந்தப் பெரிய கம்பெனியில கோட்டு போட்ட என்ஜினியருங்க இருந்தாங்களே, அவங்க ஒருத்தருக்காவது தோணுச்சா? உன்னோடதைப் பார்த்துக் காப்பியடிக்கத்தான் தோணுச்சு. அடிச்சுட்டு, மாட்டினதும், இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பான்னு கேக்கறான்.

வெர்லின்: ஆர்டிஸ், வந்த பொண்ணு முன்னாடி...

ஆர்டிஸ்: வந்த பொண்ணு எனக்காகத்தான் மூணு வருஷமா கத்திக்கிட்டிருக்கா. எனக்கு அந்தக் கம்பெனியோட ஒரு பைசாவும் வேணாம். அந்த ‘யாருக்கு வேணும்னாலும்’ இருக்கு பாரு, அதைத்தான் அழிக்கணும். யாருக்கும் தோணல. என் புருஷனுக்குத்தான் தோணுச்சு. கோர்ட்ல அப்படி எழுதி நான் என் கண்ணால பார்க்கணும்.

வெர்லின்: சரி, சரி. இப்போ தோத்தாச்சு. விடு.

மாய்ஸி: நான் பேசலாமா?

ஆர்டிஸ்: பேசும்மா. இவன் இனிமே வாயைத் திறந்தா இந்தத் தட்டு மண்டையில விழும்.

மாய்ஸி: வெர்லின், நாம ஜெயிச்சுட்டோம்.

ஆர்டிஸ்: காதுல விழுந்துச்சா?

வெர்லின்: விழுந்துச்சு.

ஆர்டிஸ்: ஏதாவது சொல்லேன்.

வெர்லின்: ம்... மோசமில்ல.

மாய்ஸி: மோசமில்ல?

வெர்லின்: ஏன், சரியாத்தான சொன்னேன்?

மாய்ஸி: ஆர்டிஸ், பார்த்தீங்களா? கோர்ட்ல நம்மளக் கவுத்ததும் இந்த மாதிரி பேச்சுதான். ஜெயிச்சாலும் இதைத்தான் சொல்றார், தோத்தாலும் இதைத்தான் சொல்றார்.

வெர்லின்: அப்போ ஏன் போன் பண்ணல நீ? மனுஷனை இப்படியா...

மாய்ஸி: பண்ணினேன். காலையில தீர்ப்பு வந்த உடனே பண்ணினேன். நீங்க மீனுக்கு ஐஸ்ல ஓட்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. ஆர்டிஸ்தான் எடுத்தாங்க.

வெர்லின்: உனக்குத் தெரியுமா? காலையிலேருந்து?

ஆர்டிஸ்: நீ வீட்டுக்குள்ள வரும்போது நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னேனே, எதுக்குன்னு நினைச்ச? சிரிப்பை அடக்கத்தான்.

வெர்லின்: ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு... நான் இங்க உட்கார்ந்து இவளுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஆர்டிஸ்: நல்லாத்தான் சொன்ன. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

வெர்லின்: மூணு பேரும் நம்ம பக்கமா?

மாய்ஸி: ரெண்டு பேர். மூணாவது ஜட்ஜ் தனியா எழுதியிருக்கார். அவருக்கேகூடத் தோணியிருக்குமாம்.

ஆர்டிஸ்: அவரும் மீன் பிடிக்கறவர் போல.

வெர்லின்: அந்த ரெண்டு பேர் என்ன சொல்றாங்க?

மாய்ஸி: ரொம்ப சுருக்கமா சொல்றேன். நம்ம பக்கத்துச் சாட்சியா ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், இது யாருக்கும் சுலபமா தோணாதுன்னு. கம்பெனியோட நிபுணர் தோணும்ங்கறார். ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்லும்போது, ‘எனக்கு என் பொதுப்புத்தி போதும்’னு ஒரு ஜட்ஜ் கதவைச் சாத்தக் கூடாது. யார் சொல்றது சரின்னு ஜூரிதான் முடிவு பண்ணணும். அதனால செல்லாதுன்னு சொன்ன தீர்ப்பு ரத்து.

ஆர்டிஸ்: ரத்து. எவ்வளவு அழகா இருக்கு கேக்க.

வெர்லின்: அந்தக் காபி விஷயத்தைப் பத்தி எழுதியிருக்காங்களா?

மாய்ஸி: ஒரு எழுத்துகூட இல்ல.

வெர்லின்: அப்பாடா. அன்னிக்கு அங்க உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு.

ஆர்டிஸ்: எனக்குப் பிடிச்சதே அதுதான். என்னம்மா கேட்டார் அந்த நரைச்ச தாடி ஜட்ஜ்?

மாய்ஸி: விசாரணைக்கு முன்னாடி வக்கீலுங்க எடுத்த வாக்குமூலத்துல உங்க கட்சிக்காரரே ‘அப்படி ஒண்ணும் கஷ்டமில்ல, யாருக்கு வேணும்னாலும் தோணியிருக்கும்’னு சொல்லியிருக்காரே, அப்புறம் நாங்க என்ன சொல்லன்னு கேட்டார்.

ஆர்டிஸ்: நீ?

மாய்ஸி: ஐயா, அது மின்னசோட்டா ஆள் சொன்ன பதில். அந்த ஊர்ல காபி வேணுமான்னு கேட்டா முதல் தடவை வேணாம்னுதான் சொல்வாங்க. ரெண்டாவது தடவையும் வேணாம்னுதான் சொல்வாங்க. மூணாவது தடவை கேட்டாத்தான் கப்பு நீளும். கம்பெனிக்காக டெக்சாஸ்லேருந்து வந்த வக்கீல் ஒரே ஒரு தடவை ‘கஷ்டமா இருந்துச்சா’ன்னு கேட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார்னு சொன்னேன்.

ஆர்டிஸ்: அதுக்கு அந்தத் தாடி?

மாய்ஸி: ‘அப்போ இந்த நீதிமன்றம் காபியைப் பத்தித் தீர்ப்பு எழுதணுமா, வக்கீலம்மா?’

வெர்லின்: எல்லாரும் சிரிச்சாங்க. நான் மேசைக்கு அடியில போயிடலாமான்னு பார்த்தேன்.

மாய்ஸி: நீங்க எழுத வேணாம்ங்கய்யா, அந்த ஊர்க்காரங்க ஜூரியில உட்கார்ந்திருப்பாங்க, அவர் சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியும்னு சொன்னேன்.

ஆர்டிஸ்: சபாஷ். இன்னொரு பார் எடுத்துக்கோ.

மாய்ஸி: கடைசி ஒண்ணு. நீங்க எடுத்துக்கோங்க.

ஆர்டிஸ்: எனக்கு வேணாம். வெர்லின்?

வெர்லின்: பாதியை வெட்டிக்கறேன்.

மாய்ஸி: அப்போ அந்தப் பாதியில நான் பாதி.

ஆர்டிஸ்: சரியாப் போச்சு. மிச்சம் இருக்கற துணுக்கு நாளைக்குக் காலைவரைக்கும் தட்டுலயே கிடக்கும்.

வெர்லின்: அப்போ முடிஞ்சுதா கேஸ்? பேட்டன்ட் செல்லும்னு சொல்லிட்டாங்க.

மாய்ஸி: இல்ல. அதுக்காகத்தான் நேர்ல வந்தேன். செல்லாதுன்னு சொன்னது தப்புன்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. செல்லும்னு சொல்லல. கேஸ் திரும்ப அதே கீழ்க்கோர்ட் ஜட்ஜ்கிட்ட வருது. இந்தத் தடவை ஜூரி உண்டு. நீங்க கூண்டுல ஏறணும்.

வெர்லின்: நானா?

மாய்ஸி: வேற யாரு? டெக்சாஸ்காரர் முதல் வேலையா அந்த வாக்குமூலத்தை எடுத்துப் படிப்பார். ‘யாருக்கு வேணும்னாலும் தோணியிருக்கும்னு சொன்னது நீங்கதானே?’ அப்போ நீங்க மறுபடியும் ‘கஷ்டமில்ல’ன்னு சொன்னீங்கன்னா... நான் வாஷிங்டன் போய் அந்தத் தாடிக்காரர்கிட்ட மானம் போக நின்னதுக்கு அர்த்தமே இல்ல. இந்தத் தடவை ஜூரியே சொல்லிட்டா, அது அவ்வளவுதான். மேல போய் முட்டிக்கவும் முடியாது.

ஆர்டிஸ்: அதனால இப்பவே பழகணும். நான் டெக்சாஸ்காரன். எழுந்து நில்லு, வெர்லின்.

வெர்லின்: உட்கார்ந்தே சொல்றேனே.

ஆர்டிஸ்: மிஸ்டர் ஹாக்ஸ்டட். இந்த பெல்ட்டைச் செய்ய உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?

வெர்லின்: அப்படி ஒண்ணும்...

மாய்ஸி: வெர்லின்.

வெர்லின்: கொஞ்சம் வேலை இருந்துச்சு.

ஆர்டிஸ்: கொஞ்சம்னா?

வெர்லின்: கையில ஏதாவது வேலை வேணும்ல, குளிர்காலத்துல.

ஆர்டிஸ்: எத்தனை செஞ்சு பார்த்து உடைச்சீங்க?

வெர்லின்: ஒரு சிலது.

ஆர்டிஸ்: பொய். கராஜ்ல ஒரு டப்பா நிறையக் கிடக்கு, நானே பார்த்திருக்கேன்.

வெர்லின்: அது சின்ன டப்பா.

ஆர்டிஸ்: ஜூரியார் அவர்களே, அதுல ரெண்டு வான்கோழியை வைக்கலாம்.

மாய்ஸி: ஆர்டிஸ், டெக்சாஸ்காரர் நமக்கு உதவி பண்ண மாட்டார்.

ஆர்டிஸ்: ஆமால்ல. மறந்துட்டேன். ஒரு முழு மனுஷன் தன்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்ல என்ன கேடு? இவங்க அப்பாவும் இப்படித்தான். ஏரியிலயே பெரிய மீனைப் பிடிச்சுட்டு வந்து, வலை கிழிஞ்சு போச்சுன்னு வருத்தப்படுவார்.

வெர்லின்: வலை கிழிஞ்சுதான் போச்சு.

மாய்ஸி: வெர்லின், உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. பெருமை அடிக்கச் சொல்லல. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. இப்போ நான் கேக்கறேன். கஷ்டமா இருந்துச்சா?

வெர்லின்: எல்லாரும் செய்யறதுதான்மா...

மாய்ஸி: இது ரெண்டாவது தடவைன்னு வச்சுக்கோங்க. கஷ்டமா இருந்துச்சா?

வெர்லின்: ஆர்டிஸ்.

ஆர்டிஸ்: என்ன?

வெர்லின்: கராஜ் ஃப்ரீசர்ல போன வாரத்து மீன் இருக்குல்ல. மாய்ஸி அம்மாவுக்குக் கொடுத்தனுப்பணும். எடுத்துட்டு வாயேன்.

ஆர்டிஸ்: இப்பவா?

வெர்லின்: அவ இருட்டறதுக்குள்ள கிளம்பணும்ல.

ஆர்டிஸ்: இப்பதான் மதியச் சாப்பாடே முடிஞ்சிருக்கு. என்னை வெளியே அனுப்பற.

வெர்லின்: மீன் எடுக்க அனுப்பறேன்.

ஆர்டிஸ்: சரி சரி. போறேன். கோட்டு, பூட்ஸு எல்லாம் மாட்டிக்கிட்டு, அடியில எங்கயோ புதைஞ்சு கிடக்கும், தேடி எடுக்கணும். நேரமாகும். நிதானமாப் பேசுங்க.

மாய்ஸி: ...போயிட்டாங்க. மூணாவது தடவை கேக்கறேன்.

வெர்லின்: கேக்காதம்மா. அவ இருக்கும்போது கேக்காத. கோர்ட்லயும் அவ உட்கார்ந்திருந்தா கேக்காத.

மாய்ஸி: ஏன்?

வெர்லின்: அன்னிக்கு வாக்குமூலம் எடுத்தாங்களே, அப்போ ஆர்டிஸ் எங்க இருந்தா?

மாய்ஸி: அதே ரூம்ல. ஜன்னல் பக்கம். நான்தான் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். கையுறை பின்னிக்கிட்டிருந்தாங்க.

வெர்லின்: ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கிட்டே பின்னிக்கிட்டிருந்தா. அப்போ அந்த டெக்சாஸ்காரன் கேக்கறான், கஷ்டமா இருந்துச்சான்னு. நான் என்ன சொல்ல முடியும்?

மாய்ஸி: நடந்ததை.

வெர்லின்: நடந்தது அவளுக்குத் தெரியாது.

மாய்ஸி: எனக்காவது சொல்லுங்க.

வெர்லின்: ...அவளுக்குக் குழாய் வச்ச புதுசு. ஒவ்வொரு தடவை புரளும்போதும் இழுத்துடும். சத்தம் போட மாட்டா. பல்லைக் கடிச்சுப்பா. பக்கத்துல படுத்திருக்கறவனுக்குத் தெரியும்ல. சரின்னு பழைய தூண்டில் ரீல் ஒண்ணை எடுத்தேன். மீன் இழுத்தா நூலை விடும்ல, அது மாதிரி குழாய் விட்டுக் கொடுத்தா இழுக்காதேன்னு ஒரு யோசனை. இதுவரைக்கும் யாருக்கு வேணும்னாலும் தோணியிருக்கும். அந்த ஜட்ஜ் சொன்னது இதுவரைக்கும் சரிதான்.

மாய்ஸி: அப்புறம்?

வெர்லின்: அதை அவ வயித்துல கட்டிச் சோதிச்சுப் பார்க்க முடியுமா? என் வயித்துல கட்டிக்கிட்டேன்.

மாய்ஸி: என்னது?

வெர்லின்: அதே மாதிரி குழாய். பிளாஸ்திரி போட்டு என் வயித்துல ஒட்டி, இன்னொரு முனையை வாஷிங் மெஷின் காலுல கட்டிட்டு, கீழ் ரூம்ல படுத்தேன். தூக்கத்துல புரண்டு பார்த்தாத்தான தெரியும். முதல் நாளே தோலோட வந்துடுச்சு.

மாய்ஸி: கடவுளே...

வெர்லின்: ரீல் எதுக்குச் செஞ்சது சொல்லு? பிடிச்சதை விடக் கூடாதுன்னு. முதல் இழுப்புலதான் அது இறுக்கிப் பிடிக்கும், அப்புறம்தான் விட ஆரம்பிக்கும். அதுதான் அதோட குணமே. மீனுக்கு அது சரி. புண்ணுக்கு அந்த முதல் இழுப்புதான் எமன். எனக்கு வேண்டியது நேர் எதிர். தொட்ட உடனே விட்டுடணும், விட்டதுக்கப்புறம் மெதுவா, வலிக்காம திரும்பப் பிடிக்கணும். ஆன ரெண்டு குளிர்காலத்துல ஒண்ணு இது மண்டையில ஏறவே போச்சு. நான் ரீலுக்கு உள்ள இருக்கறதை மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ரீலையே மறந்தாத்தான் இது வரும்னு தெரியல. மீனே பிடிக்காதவனா இருந்திருந்தா சீக்கிரம் செஞ்சிருப்பேனோ என்னவோ.

மாய்ஸி: வெர்லின்... ஒரு நிமிஷம். இப்போ கடைசியா சொன்னதை மறுபடி சொல்லுங்க.

வெர்லின்: மீன் பிடிக்காதவனா இருந்திருந்தா...

மாய்ஸி: தூண்டில் தெரிஞ்சவனுக்கு சுலபமா தோணியிருக்கும்னு அந்த ஜட்ஜ் எழுதினார். தூண்டில் தெரிஞ்சதாலதான் தோணவே இல்லங்கறீங்க நீங்க. இதை அன்னிக்கே ஒரு வரி சொல்லியிருந்தா அவர் கதவைச் சாத்தியிருக்கவே முடியாது. அப்பீலே வேண்டியிருந்திருக்காது.

வெர்லின்: யாரும் கேக்கலயே.

மாய்ஸி: கேட்டாங்க.

வெர்லின்: ஒரு தடவை.

மாய்ஸி: எனக்குத் தலையை எங்கயாவது முட்டிக்கணும் போல இருக்கு. ரெண்டாவது குளிர்காலம்?

வெர்லின்: அப்பவும் கீழதான். வயித்துல ஒரு இடம் ஆறறதுக்குள்ள இன்னொரு இடம். ஒரு தடவை நல்லாவே சீழ் பிடிச்சு டாக்டர்கிட்ட போனேன். ஆர்டிஸ்கிட்ட எண்ணெய் மாத்தப் போறேன்னு சொல்லிட்டு. வண்டிக்கு.

மாய்ஸி: ஆனா அவங்ககிட்ட ஏன் மறைக்கணும்? இதுல என்ன தப்பு இருக்கு?

வெர்லின்: நான் கீழ படுக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல, காலைச் சாப்பாட்டுல உட்கார்ந்திருக்கோம். ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டே சொல்றா. ‘வெர்லின், என்னால உனக்குக் கஷ்டம்னு எனக்கு என்னிக்காவது தெரிஞ்சுதுன்னா, அன்னிக்கே இந்த மெஷினை நிறுத்திடுவேன்.’ நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?

மாய்ஸி: தெரியும்.

வெர்லின்: சும்மா மிரட்டறவ இல்ல அவ. சிகரெட்டை ஒரே நாள்ல விட்டவ. தன் தங்கச்சியோட பேசறதில்லன்னா பேசறதில்லதான். அதனால அன்னிலேருந்து எனக்கு எதுவுமே கஷ்டமில்ல. மெஷினைத் துடைக்கறது கஷ்டமில்ல, பெட்டி பெட்டியா மருந்துத் தண்ணி தூக்கறது கஷ்டமில்ல, அந்த பெல்ட் செய்யறது கஷ்டமே இல்ல. யாருக்கு வேணும்னாலும் தோணியிருக்கும்.

மாய்ஸி: சத்தியம் பண்ணிட்டு பொய் சொன்னீங்களா?

வெர்லின்: பொய் இல்லம்மா. அவ பட்டதோட வச்சுப் பார்த்தா நான் பட்டது ஒண்ணுமே இல்ல. அவளோட வாழ்ந்த யாரா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பான். நான் அந்த அர்த்தத்துலதான் சொன்னேன். என் மனசுக்கு அது சத்தியம்தான்.

மாய்ஸி: இதையெல்லாம் ஜூரிகிட்ட சொல்லணுமே, வெர்லின். இதைச் சொல்லாம நாம ஜெயிக்க முடியாது.

வெர்லின்: குழாய் இன்னும் அவ வயித்துலதான் இருக்கு. நான் கூண்டுல ஏறி கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லி, பேட்டன்ட் செல்லும்னு ஆகி, வீட்டுக்கு வந்து அவ மெஷினை நிறுத்திட்டா? அப்புறம் அந்தத் தீர்ப்பை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எனக்கு பேட்டன்ட்டே வேணாம்மா. தோத்துட்டுப் போறேன். தோத்தாச்சுன்னு நினைச்சப்போகூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு, தெரியுமா.

மாய்ஸி: வெர்லின்... பின்னாடி பாருங்க.

வெர்லின்: என்ன?

ஆர்டிஸ்: மீன் எடுக்கல. பூட்ஸே மாட்டல.

வெர்லின்: எப்போலேருந்து நிக்கற?

ஆர்டிஸ்: வாஷிங் மெஷின் காலுல கட்டினியே, அப்போலேருந்து. சட்டையைத் தூக்கு.

வெர்லின்: ஆர்டிஸ், வக்கீலம்மா இருக்கா...

ஆர்டிஸ்: அவளுக்கு இனிமே தெரியாதது ஒண்ணும் இல்ல. தூக்கு. ...இந்தத் தழும்பு கொதிக்கிற சூப் கொட்டினதுன்னு சொன்ன என்கிட்ட.

வெர்லின்: சூப்பும் கொட்டுச்சு. வேற இடத்துல.

ஆர்டிஸ்: குறட்டை விடறேன், உன் தூக்கம் கெடுதுன்னு சொல்லிட்டுத்தான கீழ போன?

வெர்லின்: நீதான் எப்பவும் குறட்டையைப் பத்திக் கத்துவ.

ஆர்டிஸ்: கல்யாணம் ஆனதுலேருந்து கத்தறேன். அத்தனை வருஷமும் போகாதவன், எனக்குக் குழாய் வச்ச வாரம் போன.

வெர்லின்: அதை விடு. நீ அந்த மெஷினை நிறுத்திடுவியா? அதை மட்டும் சொல்லு.

ஆர்டிஸ்: நான் எதுக்கு அப்படிச் சொன்னேன்னு நினைச்ச, கிழவா? வயித்துலேருந்து குழாய் தொங்கிக்கிட்டு நான் படுத்திருக்கேன், நீ தலையணையைத் தூக்கிட்டு கீழ போயிட்ட. என்னைப் பார்க்கவே உனக்கு அருவருப்பா இருக்கு, நல்லவன், வாய் விட்டுச் சொல்ல மனசு வரலன்னு நினைச்சேன். எதுக்கு உனக்குத் தொல்லையா இருக்கணும்னுதான் நிறுத்திடறேன்னு சொன்னேன். நான் ஒண்ணையும் நிறுத்தப் போறதில்ல. நீ போய் அந்த ஜூரிகிட்ட சத்தமா சொல்லு, கஷ்டமா இருந்துச்சுன்னு. அன்னிக்கு அதை என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ரெண்டு குளிர்காலமும் நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.